பூட்டிய வீடுகளில் இறப்பு: பூஜ்யம்

நகர வெப்பக் காப்பு மையம், வேலூர்
பதினேழாம் வார்டு நாட்குறிப்பு
பதிவர்: பெனிட்டா ரூபன், இறப்புக் கணக்குப் பிரிவு. வீட்டிலிருந்து பணி.

மே 9, காலை 6.10

வெளி வெப்பம் 33.8. நேற்றைய உச்சம் 46.1. நேற்று வார்டில் பதிவான இறப்பு 4. இந்த வெப்பத்துக்கு எதிர்பார்த்த இறப்பும் 4. காலை வாசல் மூன்று மணிக்குத் திறந்தது, ஆறு மணிக்கு மூடியது. கோளாறு இல்லை.

பிற்காலத்தில் இதை எடுத்துப் பார்ப்பவருக்காக, முறைப்படி ஒரு விளக்கம். வெளியே எவ்வளவு வெப்பம் இருந்தால் ஊரில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போடுவது என் வேலை. பதினொரு வருடத்து இறப்புப் பதிவேட்டையும் வெப்பமானியையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு வளைகோடு வரைந்திருக்கிறோம். வேலூரில் ஆட்கள் மிகக் குறைவாகச் சாவது இருபத்தொன்பது டிகிரியில். குளிர்ந்தால் கோடு மெதுவாக ஏறும். நாற்பதைத் தாண்டினால் ஏணியைச் சாத்தி வைத்த மாதிரி நிற்கும். அந்தக் கோட்டைப் படித்து வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதும் திறப்பதும் 'குடை' என்ற இயந்திரம். வெயிலில் யாரும் வெளியே போய் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அதை வைத்தோம்.

இதுவரை விடிகாலை மூன்று மணி நேரம் கதவுகள் திறக்கும். இன்று முதல் எங்கள் வார்டில் மட்டும் முழுப்பூட்டு, நான்கு நாள் சோதனை. காலை வாசலும் கிடையாது. யோசனை என்னுடையது. விதியும் நான் எழுதியதுதான்: பூட்டிய நாளில் இறப்பு குறைந்தால், பூட்டை நீட்டு.

ஹன்னாவுக்கு இன்று பதினொரு மாதம் முடிகிறது. அவள் பிறந்த அன்று மழை. வெளியே சரியாக இருபத்தொன்பது. இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மே 10, மாலை 6.05

வெளி உச்சம் 46.9. எதிர்பார்த்த இறப்பு 5. பதிவான இறப்பு 0. நேற்றும் 0.

மூன்று முறை சரிபார்த்தேன். பதினொரு வருட மே மாதங்களில் எங்கள் வார்டில் பூஜ்யம் வந்ததே இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து வந்திருக்கிறது. ஹன்னாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன்.

மையத்தின் தலைவர் ஹேமலதா மேடத்தின் செய்தி: "வாழ்த்துகள் பெனிட்டா. சென்னையிலிருந்து கேட்கிறார்கள். மற்ற வார்டுகளுக்கும் முழுப்பூட்டு போடலாமா என்று பேச்சு."

ரூபனின் செய்தி. அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனி விடுதியில் இருக்கிறார்: "டிவில வேலூர் ஜீரோன்னு ஓடுது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என் பொண்டாட்டி கணக்குன்னு சொல்லிட்டேன். நீ வெளிய வராத. பாப்பா பத்திரம்."

பக்கத்து வீட்டுத் தணிகாசலம் அங்கிள் இன்டர்காமில் கூப்பிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்னாம்மா பெனிட்டா, உன் குடை எங்கள எப்ப வெளிய வுடும்? டிக்கெட் எடுத்தாச்சு, ஏறி உக்காந்தாச்சு, எறங்கத்தான் வுட மாட்டேன்றான்." பின்னால் சரோஜா ஆன்ட்டியின் குரல்: "சும்மா இருய்யா, கொழந்த தூங்கப் போவுது."

மே 11, பிற்பகல் 3.40

வெளி 47.2. மின்சாரம் 2.20க்குப் போனது. கட்டடம் முழுக்க. குளிர்காற்றும் நின்றுவிட்டது.

பதற வேண்டியதில்லை. நான் இதை எழுதும் டேப்லெட், எங்கள் மொழியில் கணக்குப் பலகை, ஜன்னலில் ஒட்டிய சூரியத் தகட்டில் சார்ஜ் ஆகி ஓடுகிறது. இன்டர்காமுக்குத் தனி பேட்டரி. கதவுப் பூட்டுக்கும் தனி பேட்டரி, ஏழு வருடம் தாங்கும்.

வீட்டுக்குள் வெப்பம் 36. இதை எழுத படிவத்தில் இடமில்லை. படிவத்தில் வெளி வெப்பம் மட்டும்தான் உண்டு. குறிப்புப் பகுதியில் போடுகிறேன்.

மே 12, காலை 5.15

வெளி வெப்பம் 33.1. வீட்டுக்குள் 39.4.

இரண்டாவது எண்ணை மறுபடி பார்த்தேன். ஆமாம், 39.4. சுவர் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. இது ஒன்பதாவது மாடி. ஜன்னல் கண்ணாடிகள் திறக்கிற வகை இல்லை. குளிர்காற்றுக் கட்டடம், எதற்குத் திறக்க வேண்டும் என்று கட்டியவர்கள் நினைத்திருப்பார்கள். கிரைண்டர் கல்லால் அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது. வெளிக்கண்ணாடி அசையவில்லை.

வெளியே ஆறு டிகிரி குறைவு. ஒரு விரற்கடை தடிமன் கண்ணாடிக்கு அப்பால். நானும் என் குழந்தையும் இந்தப் பக்கம்.

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. இருப்பது இரண்டு வாளி, ஒரு குக்கர். ஹன்னாவை ஈரத்துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். பால் குடிக்கிறாள். அழும்போது கண்ணீர் வருகிறது. கண்ணீர் வருகிறவரை பயமில்லை என்று பிரசவ வார்டில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மே 12, காலை 9.30

இன்டர்காம். அங்கிள் குரலில் கிண்டல் இல்லை.

"பெனிட்டாம்மா. சரோஜா எழுந்துக்கல. தண்ணி தெளிச்சேன். கூப்ட்டு கூப்ட்டு பாத்தேன். நெஞ்சுல காத வெச்சேன்மா. ஒண்ணும் இல்ல."

அங்கிள், அங்கிள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி: "ஃப்ரீசர் பொட்டிக்குப் போன் பண்ணேன். பதிவு நம்பர் கேக்கறான். வார்டு ஆபீஸ்ல போயி கைநாட்டு வெச்சாத்தான் நம்பராம். கதவு பூட்டியிருக்குடா, நான் எங்கடா போறதுன்னு கேட்டேன். வெச்சிட்டான். நீ கவருமெண்டுதானே, நீ பதிவு பண்ணிடும்மா. இந்த சூட்டுல அவள இப்படியே போட்டு வெக்கக் கூடாது."

மே 12, மாலை 6.02

வெளி உச்சம் 47.0. உள்ளே 41.1. எதிர்பார்த்த இறப்பு 5. பதிவான இறப்பு 0.

பூஜ்யம்.

ஆன்ட்டி சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். என் பலகையில் பூஜ்யம்.

இறப்பைப் பதிய வேண்டுமென்றால் வீட்டு ஆள் ஒருவர் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். முழுப்பூட்டில் யாரும் நேரில் போக முடியாது. அதனால் யாரும் பதிவதில்லை. அதனால் பூஜ்யம். நான்கு நாளாக இந்த வார்டில் எத்தனை சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எதிர்பார்த்த எண்களைக் கூட்டினால் பத்தொன்பது. அதுவும் வெளி வெப்பத்துக்குப் போட்ட கணக்கு. உள்ளே இருக்கிறவர்களுக்கு எனக்கு வளைகோடே கிடையாது.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆடினேன்.

குடையின் அறிவிப்பு, 6.01: "சோதனை வெற்றி. பதினேழாம் வார்டில் முழுப்பூட்டு மேலும் ஏழு நாள் நீட்டிக்கப்படுகிறது."

என் விதி. ஒரு எழுத்துகூட மாற்றாமல் செய்திருக்கிறது.

மே 12, இரவு 7.50

மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். உள் வெப்பம், ஆன்ட்டி, கைரேகை, தண்ணீர். பதில்:

"பெனிட்டா, உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் பதிவாகாத இறப்பை வைத்து நான் எப்படிப் பூட்டைத் திறக்கச் சொல்வது? பதிவான எண்ணை மட்டும் எடுக்க வேண்டும், காதில் விழுந்ததை எடுக்கக் கூடாது என்று குழுவில் சண்டை போட்டதே நீங்கள்தான். நாளை மறுநாள் முதல் எல்லா வார்டுகளுக்கும் முழுப்பூட்டு. தைரியமாக இருங்கள்."

சண்டை போட்டது உண்மை. ஜெயித்தேன்.

ஆம்புலன்ஸ் ஒன்று கீழே வந்து நின்றது. விளக்கு சுழன்றதைப் பார்த்தேன். குடை திறக்கவில்லை. நோய் அதன் விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது.

மே 13, காலை 11.20

வெளி 44.0. உள்ளே 41.6. தண்ணீர் அரை வாளி.

ஹன்னாவுக்கு ஜுரமா, வீட்டுச் சூடா என்று தெரியவில்லை. தொடை அனலாய் இருக்கிறது. டயபர் காலையிலிருந்து காய்ந்தே இருக்கிறது. பத்து மணிக்கு அழுதாள். கண்ணீர் வரவில்லை.

கண்ணீர் வரவில்லை.

எனக்கும் எழுத்து ஆடுகிறது. யோசி. பெனிட்டா, யோசி.

மே 13, பிற்பகல் 1.15

விதிவிலக்குப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: ஃப்ரீசர் பெட்டி. குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மேஜையைத் தட்டிச் சொன்னார்: "எத வேணா பூட்டுங்க. பொணத்த ஊட்டுல வெச்சிப் பூட்டாதீங்க. ஊரு காறித் துப்பும்." அதனால் சேர்த்தோம். இறப்புப் பதிவானால், பெட்டி வந்து சேர்ந்ததும் அந்த வீட்டுக் கதவு மட்டும் இருபது நிமிடம் திறக்கும். பேட்டரிப் பெட்டியோடு இரண்டு ஆட்கள் மேலே வருவார்கள். உடலும் வாரிசும் வெளியே போகலாம்.

என் கணக்குப் பலகையிலும் ரேகை வைக்கும் இடம் உண்டு, விட்டுப்போன பதிவுகளைச் சேர்ப்பதற்காக. இதில் வீட்டு ஆளின் ரேகை செல்லாது, இறந்தவரின் பெருவிரல் வேண்டும். ஆன்ட்டியின் விரல் சுவருக்கு அந்தப் பக்கம். ஹன்னா விரலில் ரேகை எடுக்க ஐந்து வயது ஆக வேண்டும்.

இந்த வீட்டில் இருக்கும் ஒரே பெருவிரல் என்னுடையது.

மே 13, பிற்பகல் 1.32

இறந்தவர் பெயர்: பெனிட்டா ரூபன். வயது: 29. இடம்: வீடு. காரணம்: வெப்பம். வாரிசு: ஹன்னா ரூபன், பெண், 11 மாதம்.

பதிவரும் இறந்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று விதி இல்லை. அப்படி ஒன்று வேண்டுமென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ரேகையை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. "ஆழ்ந்த இரங்கல்" என்று ஒரு பூ வந்து போனது.

ரூபனுக்கு இந்நேரம் செய்தி போயிருக்கும். கடவுளே. அவருக்கு எழுத முயன்றேன். இறந்தவர் எண்ணிலிருந்து செய்தி போகாது.

மே 13, மாலை 4.41, கதவு ஒலிப்பதிவு, தானாக இணைந்தது

"வணக்கம்மா. பொட்டி வந்திருக்கு. நான் ஏழுமலை. பாடி எங்க?"

"நான்தாண்ணா."

"இன்னாது?"

"நான்தான். பெனிட்டா. குழந்தைக்காகப் பதிஞ்சேன். சீக்கிரம் அண்ணா, இருவது நிமிஷம்தான் இருக்கு."

"யப்பா... டேய், உள்ள வா, இத்தப் பாரு. இரும்மா, கொழந்தையக் குடு. அய்யோ, கொதிக்குது. டேய், பொட்டிய ஓட வுட்டு அந்தக் கண்ணாடி மேல பாப்பா முதுக வை. நேரா வெக்காத, துணி போட்டு."

"நான் உங்ககூட நடந்து வந்துடறேன்."

"முடியாதும்மா. கீழ கேட்டு தலை எண்ணும். நாங்க ரெண்டு பேரு, வாரிசு ஒண்ணு, பொட்டி ஒண்ணு. கூட ஒரு ஆளு நடந்தா அப்படியே மூடிக்கும், எல்லாரும் உள்ள."

"அப்ப பெட்டில படுத்துக்கறேன்."

"ஒம்போது மாடி, லிப்ட்டு கெடையாது. குளிரு தாங்குவியா?"

"அண்ணா, எனக்கு இப்ப குளிர்னா என்னன்னே ஞாபகம் இல்ல."

"இருவது வருசமாத் தூக்கறேன். பேசற பாடிய இன்னிக்குத்தான் தூக்கப் போறேன். வா."

மே 13, மாலை 4.49

நின்றுகொண்டே எழுதுகிறேன். ஹன்னா அழுகிறாள். பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை நக்குகிறாள். அழட்டும்.

பலகையில் குடையின் புது அறிவிப்பு: "பதினேழாம் வார்டு. திறந்த வீடு 1, இறப்பு 1. பூட்டிய வீடுகள் 9,411, இறப்பு 0. கதவு திறப்பது ஆபத்து என்பது உறுதியாகிறது. பூட்டைக் காலவரையின்றி நீட்டிக்கப் பரிந்துரை. இறுதி முடிவு மாலை 6.00."

என் சாவு முதலில் பதிவானது, கதவு பிறகு திறந்தது. அது குடைக்குத் தேவையில்லை. ஒரே நாள், ஒரே வீடு, திறப்பு ஒன்று, சாவு ஒன்று. நான் கற்றுக்கொடுத்த மாதிரியே கணக்குப் போட்டிருக்கிறது.

என் பொய்ச் சாவு ஊரையே பூட்டப்போகிறது. அதை உடைக்க ஒரே வழி பூட்டிய வீட்டிலிருந்து ஒரு நிஜச் சாவு பதிவாவது.

அங்கிள் வீட்டுக் கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. உறையைக் கழற்றினால் பலகை உள்ளே போகும். என் கணக்கு ஆறு மணிவரை செல்லும், அலுவலகத்தின் அன்றாட முடிவு நேரம். கதவுக்கு வெளியிலிருந்து கத்திச் சொல்லிவிட்டேன்: ஆன்ட்டியின் வலது பெருவிரல், பச்சைக் கட்டம், ஆறு மணிக்குள். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே செத்தவள், பலகை திறக்காது.

அங்கிள் உள்ளிருந்து சொன்னார்: "போம்மா. உள்ள எடம் இல்ல, பின்னால வண்டி வருது, நீ மொதல்ல போ."

இத்துடன்

மே 13, மாலை 5.12, குரல் பதிவு, எழுத்தாக்கம் தானியங்கி

நான் தணிகாசலம் பேசறேன். கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல, எழுத முடியல. பேசினா இதுவே எழுதிக்குது, நல்லதாப் போச்சு.

பொட்டி எறங்கற சத்தம் கேட்டுச்சு. படிக்கு படி நின்னு நின்னு எறக்குனாங்க. கொழந்த அழுவுற சத்தம் கீழ போவப் போவ சின்னதா ஆயிடுச்சு. கேட்டு தொறந்துச்சு. மூடிக்கிச்சு.

அவ்ளோதான். இப்ப நானும் சரோஜாவும்.

மே 13, மாலை 5.31, குரல் பதிவு

ஒரு செய்தி வந்துது. இதுவே சத்தமாப் படிக்குது: "ஏழுமலை போன்லேர்ந்து பெனிட்டா. ஆஸ்பத்திரியின் குளிர்சாதன வார்டில் இருக்கிறோம். ஹன்னாவுக்கு ஊசி வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. கண்ணீர் வந்துவிட்டது அங்கிள். ரேகை வைத்தீர்களா?"

வெக்கறேம்மா. வெக்கறேன். கட்டில்லேர்ந்து அவ கைய எடுக்கறதுக்கே எனக்கு... ஒரு நிமிசம்.

மே 13, மாலை 5.44

ரேகை தெளிவில்லை. மீண்டும் முயலவும்.

மே 13, மாலை 5.47

ரேகை தெளிவில்லை. மீண்டும் முயலவும்.

மே 13, மாலை 5.49, குரல் பதிவு

ரேக எப்படித் தெரியும். முப்பது வருசம் பீடி சுத்தின விரலு. எல்லாத்தையும் எல தேச்சி எடுத்துக்கிச்சு. ரேசன் கடையிலயும் இதே கததான். மாசா மாசம் நிக்க வெச்சி திருப்பி அனுப்புவான். "அம்மா, உங்களுக்கு ரேக இல்ல, நீங்க ஆளே இல்ல"ன்னுவான். இவ சிரிச்சிகினே வந்து...

இரு. இரு இரு.

தலையில தேய்ப்பா. எண்ணெத் தலையில விரல ரெண்டு தேய் தேச்சிட்டு வெப்பா, அப்ப எடுத்துக்கும். லைன்ல நிக்கற எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான் பண்ணுவாங்க.

திங்கக்கெழம எண்ணெ வெச்சிருந்தா. இன்னும் இருக்கு. வாசன இருக்கு.

சரோஜா, கைய குடு.

மே 13, மாலை 5.58

ரேகை ஏற்கப்பட்டது.
இறந்தவர்: சரோஜா தணிகாசலம், 57. இடம்: வீடு. கதவு நிலை: பூட்டியது.
வெளி வெப்பம்: 44.3.
பூட்டிய வீடுகளில் இறப்பு: 1.
ஆழ்ந்த இரங்கல்.
குடை மறுகணக்கிடுகிறது. காத்திருக்கவும்.

மே 13, மாலை 5.59, குரல் பதிவு

ஒண்ணு போட்டுட்டான். ஒண்ணுன்னு போட்டுட்டான் சரோஜா, பாரு. வட்டமா ஒண்ணு சுத்திக்கினே இருக்கு. நான் உன்ன வுட்டுட்டு எங்கயும் போவல, கதவாண்டதான் உக்காந்துகினு இருக்கேன்.

டிக்கெட் எடுத்தாச்சு. எறங்க வேண்டியதுதான்.

மே 13, மாலை 6.00

பதிவர் கணக்கு மூடப்பட்டது. காரணம்: பதிவர் இறப்பு.
கடைசி ஒலி: கதவுப் பக்கம், பூட்டின் உலோகம் நகரும் ஓசை. தெளிவில்லை.